வண்டி உள்ளே வரக் கூடாது

அண்டார்டிகா
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அனு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகுவலிக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. பாறைமேட்டில் கட்டடம், பக்கத்தில் உறைந்துபோன ஏரி. இன்னும் சில நாளில் கடைசி விமானமும் கிளம்பிவிடும். அப்புறம் நவம்பர் வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. இருபத்தைந்து பேர் ஒரே வீட்டில். சமையல்காரர் பஞ்சாபி. சாம்பார் கேட்டேன், சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

போன வாரம் உன்னோடு போனில் பேசியது எனக்குத் திருப்தியாக இல்லை அண்ணா. குரல் போய்ச்சேரத் தாமதமாகிறது. நீ ஒரு வார்த்தையைத் தொடங்கித் திக்கும்போது, பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து நான் குறுக்கே பேசிவிடுகிறேன். அப்புறம் நீ 'சரி சரி' என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதமே எழுதுவோம். எழுத்தில் உனக்குத் திக்கல் கிடையாது. தாளில் எழுதிப் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பு.

தோப்பில் நான் புதைத்துவிட்டு வந்த பெட்டியைப் பார்த்துக்கொள். பூமியின் காந்தம் எவ்வளவு நடுங்குகிறது என்று அது விடாமல் அளந்துகொண்டிருக்கிறது. அதே மாதிரிக் கருவி இங்கே என்னிடமும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் என் ஆராய்ச்சி. மாடு எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
அனு


திருத்தணி
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அனுவுக்கு,

தணிகாசலம் எழுதியது. இவ்விடம் நானும் மாடும் சுகம். மாடு கொஞ்சம் குறைவாக.

மடி வீங்கி இரண்டு நாளாகப் பால் கறக்க விடவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். கால்நடை ஆய்வாளராக ஓர் அம்மா புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறார்கள், பெயர் தேவகி. ஊசி போட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். மாட்டுக்குப் பயம் தெளிய வேண்டும் என்று அதன் காதில் ஏதோ பேசினார்கள். மாடு கேட்டுக்கொண்டது.

சாமந்தி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. காலையில் மலையடிவாரத்துப் பூக்கடைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடுகிறேன். உன் பெட்டி பத்திரம். நீ சொன்னபடி என் மொபெட்டை ரோட்டோரம் சிங்காரம் வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்துதான் தோப்புக்குள் வருகிறேன்.

சிங்காரம் நேற்று, "உன் தங்கச்சி அங்க இன்னாதான் பண்ணிகினு இருக்குது?" என்று கேட்டான். காந்தப்புலம் என்று சொல்லப் பார்த்தேன். 'கா'விலேயே நின்றுவிட்டது. அதனால் 'ஐஸ்' என்று சொல்லிவிட்டேன். "ஐஸ்ஸுக்கா அவ்ளோ தூரம் போச்சி? கனகம்மாசத்திரத்துல வண்டியில வெச்சி கூவிகினு போறானுங்களே" என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? எழுது.

தைலம் தேய்க்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அண்ணன்,
தணிகாசலம்


அண்டார்டிகா
18 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீயும் மாடும் முழுக்கச் சுகமாகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சிங்காரத்திடம் இப்படிச் சொல்: சூரியனிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியைச் சுற்றியிருக்கிற காந்தப்புலம் அவற்றைத் தடுத்து ஒதுக்குகிறது. ஆனால் இரண்டு துருவத்திலும் அந்த வேலி கொஞ்சம் திறந்திருக்கிறது. அங்கே துகள்கள் உள்ளே இறங்கும்போது காந்தம் கிடந்து நடுங்கும். எது உலகம் முழுக்க வந்த நடுக்கம், எது துருவத்தில் மட்டும் வந்தது என்று பிரித்துப் பார்க்க, துருவத்துக்கு வெகு தொலைவில் அமைதியான ஓர் இடத்தில் இன்னொரு கருவி வேண்டும். அந்த அமைதியான இடம்தான் நம் மாந்தோப்பு.

இங்கே கருவி இருக்கும் குடிசை மரத்தால் ஆனது. ஆணிகூடச் செம்பு. உள்ளே போகும்முன் கடிகாரம், சாவி, பெல்ட், தலையில் இருக்கும் ஊசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஒரு கொண்டை ஊசி போதும், கோடு வளைந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோப்பின் பதிவு தினமும் எனக்கு வருகிறது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மூன்று மணி வாக்கில் கோட்டில் ஒரு மேடு தெரிகிறது. முதலில் சின்னதாக இருந்தது. இப்போது நீண்டுகொண்டே போகிறது. அது சூரியனுடைய வேலை இல்லை. ஸ்கூட்டர் அளவு இரும்பு ஒன்று கருவிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என்ன அண்ணா அது?

உன் தங்கை,
அனு


திருத்தணி
26 மார்ச் 2024

அன்புள்ள அனுவுக்கு,

நலம். நேற்றுப் பங்குனி உத்திரம். மலைக்குப் பூ போட்டுவிட்டு வரவே மதியமாகிவிட்டது. படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை.

நீ கேட்டது மாட்டாஸ்பத்திரி அம்மாவின் ஸ்கூட்டியாக இருக்கலாம். கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். மாடு இன்னும் முழுக்கத் தேறவில்லை.

வெயில் ஏறிவிட்டது. உனக்கு அங்கே குளிர். இரண்டையும் கலந்து பாதியாக்கிக்கொள்ள வழி இருந்தால் நன்றாக இருக்கும்.

உன் அண்ணன்,
தணிகாசலம்


அண்டார்டிகா
5 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நான் நலம். பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்துவிட்டது.

ஒரு சந்தேகம். மாட்டுக்கு ஊசி போட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரிந்து ஐந்து நிமிஷம். மாடு முரண்டு பிடித்தால் பத்து. போன வெள்ளிக்கிழமை மேடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நம் மாட்டுக்கு மூளைக்காய்ச்சலா?

விளையாட்டு இருக்கட்டும். எங்கள் தலைமை ஆய்வாளர் நேற்றுக் கண்டிப்பாக எழுதிவிட்டார். திருத்தணிப் பதிவில் இந்தத் தொந்தரவு தொடர்ந்தால் அந்த இடத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். இந்த இரண்டு வருஷம் சூரியன் மிகக் கொந்தளிப்பாக இருக்கும் காலம். எப்போது வேண்டுமானாலும் பெரிய புயல் வரலாம். சரியாக அது வருகிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டி நின்றால் என் இத்தனை மாத உழைப்பும் வீண். தோப்புக்குள் எந்த வண்டியும் வராமல் பார்த்துக்கொள் அண்ணா. தயவு செய்து.

உன் தங்கை,
அனு


திருத்தணி
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அனுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்று காலை தோப்பு வாசலில் பலகை எழுதி நட்டுவிட்டேன். 'வண்டி உள்ளே வரக் கூடாது' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறேன். தூரத்திலிருந்தே தெரியும். மரச்சட்டம்தான், ஆணி அடிக்கவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன்.

இனி வண்டி வராது. கவலைப்படாதே.

நாளை மறுநாள் சித்திரை ஒன்று. உனக்கு என் ஆசிகள்.

உன் அண்ணன்,
தணிகாசலம்


அண்டார்டிகா
14 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகம், ரொம்ப ரொம்பச் சுகம்! வந்துவிட்டது அண்ணா! இருபது வருஷத்தில் இவ்வளவு பெரிய காந்தப்புயல் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கருவியில் கோடு ஒரே தூக்காகத் தூக்கியது. கருவி பழுதாகிவிட்டதென்று முதலில் நினைத்தேன். குடிசைக்குப் போய்ப் பார்க்கலாமென்று வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வானம் முழுக்கச் சிவப்பு. வழக்கமாக இங்கே தெரியும் துருவ ஒளி பச்சையாக இருக்கும், அடிவானத்தில் திரைச்சீலை மாதிரி ஆடும். இது தலைக்கு நேர் மேலே, ரத்தச் சிவப்பில், ஊதாவில், பூ விரிவதுபோல் விரிந்தது. பனித்தரையே சிவந்துபோயிற்று. நிலையத்திலிருந்த அத்தனை பேரும் வெளியே ஓடி வந்து கத்தினோம். பஞ்சாபிச் சமையல்காரர் கரண்டியோடு வந்து ஆடினார். கரண்டியை அப்பால் வைத்துவிட்டு ஆடச் சொன்னேன்.

அன்று முதல் இரண்டு நாள் குடிசைக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். காற்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு விநாடி விடாமல் எல்லாம் பதிவாகிவிட்டது. உடனே திருத்தணிப் பதிவைத் திறந்து பார்த்தேன். அண்ணா, அங்கேயும் புயல் அப்படியே விழுந்திருக்கிறது. ஒரு குறையும் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை, கண்ணாடி மாதிரிச் சுத்தம். இவ்வளவு சுத்தமான பதிவை எதிர்பார்க்கவில்லை என்று தலைமை ஆய்வாளரே எழுதியிருக்கிறார். நான் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரையில் நன்றி என்று உன் பெயர் அச்சாகும்.

எல்லாம் உன் பலகையால்தான். எப்படி இருக்கிறாய்? உடனே எழுது.

உன் தங்கை,
அனு


திருத்தணி
17 ஜூன் 2024

அன்புள்ள அனுவுக்கு,

நலம். உன் சந்தோஷம் அறிந்து சந்தோஷம். தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை.

மாடு சுகம். பூ பரவாயில்லை. கட்டுரையில் பெயர் எல்லாம் வேண்டாம்.

மாட்டாஸ்பத்திரி அம்மா இப்போது வருவதில்லை.

உன் அண்ணன்,
தணிகாசலம்


அண்டார்டிகா
24 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகம் என்று எழுதியதை நான் நம்பவில்லை.

இங்கே சூரியனைப் பார்த்து ஒரு மாதமாகிறது. நடுப்பகலில் வடக்குப் பக்கம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். மூன்று நாளைக்கு முன் நடுக்குளிர்கால விருந்து வைத்தோம். எல்லோரும் பாடினார்கள். நான் பாதியில் எழுந்து என் அறைக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

மாடு சுகமில்லாதபோது அதன் காதில் யார் என்ன பேசினார்கள் என்பதுவரை எழுதினாய். இப்போது மாடு சுகம் என்று இரண்டே வார்த்தை. மாடு குணமானதற்கு இவ்வளவு வருத்தப்படும் ஆளை நான் பார்த்ததே இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மார்ச்சில் அந்த மேடுகளைப் பார்த்துக் கோபப்பட்டது போல எழுதினேன். உண்மையில் செவ்வாயும் வெள்ளியும் நான் அதற்காகக் காத்திருப்பேன். வேலை முடிந்ததும் பதிவைத் திறப்பேன். கோடு ஏறும். 'ஆங், அண்ணன் வீட்டுக்கு யாரோ வந்துவிட்டார்கள்' என்று நினைத்துக்கொள்வேன். அது நீளமாக இருந்தால் இன்னும் சந்தோஷம். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் நம் வீட்டுக்கு ஒரே ஆள் வாரம் இரண்டு முறை வந்தது உண்டா? இப்போது கோடு நூல் பிடித்த மாதிரிக் கிடக்கிறது. ஆராய்ச்சிக்கு நல்லது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் கேட்ட புயல் வந்துவிட்டது. அந்தப் பலகையைப் பிடுங்கிப் போடு. ஸ்கூட்டி வரட்டும். வந்து போகும் நேரத்தை மட்டும் எனக்குச் சொல், அதை நான் நீக்கிக்கொள்கிறேன். இதை ஏப்ரலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

தேவகி அம்மாவிடம் நீ என்ன சொன்னாய்? அவர்கள் ஏன் வருவதில்லை? முழுக்க எழுது. நாட்கள் ஆனாலும் பரவாயில்லை, முழுக்க எழுது.

உன் தங்கை,
அனு


திருத்தணி
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அனுவுக்கு,

நலம். உண்மையிலேயே நலம். நீ முழுக்க எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மாட்டுக்கு மார்ச் முதல் வாரமே குணமாகிவிட்டது. அதற்கப்புறமும் அவர்கள் வந்தார்கள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். பள்ளிப்பட்டில் எருமை கிணற்றில் விழுந்ததும், பொதட்டூர்பேட்டையில் கன்றுக்குட்டி தறியில் இருந்த லுங்கியை மென்றுவிட்டதும் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். வேறு பக்கம் பார்க்க மாட்டார்கள். சிங்காரம்கூட, "மாட்டுக்கு நல்லாயிட்ச்சே, டாக்டரம்மா மட்டும் இன்னும் வந்துகினே கீறாங்க" என்று கேலி செய்தான்.

வண்டியை ரோட்டிலேயே விடுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதோடு அந்தச் சத்தம் தோப்புக்குள் வருவது எனக்குப் பிடித்திருந்தது. உன் கடிதம் வந்ததும் பலகை எழுதினேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வந்தார்கள். பலகையிடம் வண்டி நின்றது. படித்தார்கள். கொட்டகையில் நின்ற என்னைப் பார்த்தார்கள். 'நடந்து வாங்க' என்று சொல்லக் கையைத் தூக்கினேன். 'ந' என்கிற எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. தூக்கிய கை மட்டும் அப்படியே இருந்தது. போ என்று சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் வரவில்லை.

உன் கடிதம் பார்த்து இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பினேன். பிறகு ஆடிக்கிருத்திகை வந்துவிட்டது. பூக்காவடிக்குப் பூ கொடுத்து மாளவில்லை. ஊர் முழுக்க மஞ்சள் உடுப்பும் அரோகராவும்தான். கூட்டம் ஓய்ந்த பிறகு, போன வியாழக்கிழமை மூன்றாம் முறை போனேன். இந்தத் தடவை உள்ளே போய் வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் ஓர் எருமைக் கன்று. பின்னால் இரண்டு ஆடு, அவற்றோடு ஒரு பெரியவர்.

என் முறை வந்தது. அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டே, "மாடா, ஆடா?" என்றார்கள்.

நிமிர்ந்தார்கள். முகம் மாறியது. "மாடு எங்க?" என்றார்கள்.

"மா... மா... மாடு வரல."

"மாடு வராம மாட்டாஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தீங்க?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டுக்காரப் பெரியவர், "அப்ப யாருக்குய்யா ஒடம்பு சரியில்ல?" என்றார்.

ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக் காத்திருந்தார்கள். தோப்பில் காத்திருப்பார்களே, அப்படி.

"ப... பலகை உங்களுக்கு இல்ல. வண்டிக்கு."

"வண்டியில நாந்தானே வந்துகினு இருந்தேன்? வேற யாரு வந்தா?"

அப்புறம் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பெட்டியைச் சொன்னேன், இரும்பைச் சொன்னேன், நீ இருக்கும் இடத்தைச் சொன்னேன். இரும்பு பக்கத்தில் வந்தால் என் தங்கையின் கோடு வளைந்துவிடும் என்றேன். அவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அய்ய, இத மொதல்லயே சொல்லியிருந்தா வண்டிய சிங்காரம் வூட்டாண்டயே உட்டுட்டு நடந்து வந்திருப்பேனே! நாலு மாசமா நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்னு யோசிச்சிகினு இருக்கேன்!"

"நடந்து வாம்மா, நல்லா நடந்து வா. மொதல்ல எங்க ஆட்ட பாரு" என்றார் பெரியவர்.

மறுநாளே வந்தார்கள். நடந்து. கைப்பையைக்கூடச் சிங்காரம் வீட்டில் வைத்துவிட்டார்கள், அதில் கத்தரிக்கோல் இருக்கிறதாம். அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன் அனு. என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அவர்களுக்கு வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரு பெண், மோகனப்ரியா, வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். "எனக்கு சம்மதந்தான். ஆனா எம் பொண்ணு சரின்னு சொல்லணும். அவ இல்லைன்னா இல்லதான். பூஜை லீவுக்கு வருவா, அவகிட்ட நீங்களே பேசுங்க" என்றார்கள்.

நானே பேச வேண்டுமாம். அதை நினைத்தால் இப்போதே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உன் அண்ணன்,
தணிகாசலம்


அண்டார்டிகா
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீயும் சுகம், வருங்கால அண்ணியும் சுகம் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆட்டுக்காரப் பெரியவர் வரும் இடத்தை இங்கே எல்லோருக்கும் இந்தியில் நடித்துக் காட்டினேன். சமையல்காரர் அன்றைக்குக் கேசரி செய்தார். சூரியன் திரும்ப வந்துவிட்டது. ஏரிமேல் வெளிச்சம் விழுந்து கண் கூசுகிறது. துருவத்துக் காந்தம் மட்டும் ஓயவில்லை. போன வாரமும் ஒரு புயல், பச்சையாக ஆடிற்று. திருத்தணிக் கோடு மறுபடியும் சுத்தம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோடு நேராகவே இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் அங்கே ஓர் ஆள் கூடைமேல் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கருவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணை நினைத்து நீ பயப்படுவது புரிகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வேகமாகப் பேச முயற்சி செய்யாதே. மனப்பாடம் செய்யாதே. எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். பலகை எழுதிப் பட்டது போதும்.

சித்தப்பாக்கள் யாராவது 'இந்த வயசில் என்ன கல்யாணம்' என்று கேட்டால் என் விலாசத்தைக் கொடு. நேரில் வந்து கேட்கச் சொல்.

தேவகி அம்மாவை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

உன் தங்கை,
அனு


திருத்தணி
14 அக்டோபர் 2024

அன்புள்ள அனுராதாவுக்கு,

தேவகி எழுதிக்கொள்வது. உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று இன்னும் முடிவு பண்ணவில்லை, அதனால் பேரையே எழுதிவிட்டேன். நாங்கள் எல்லோரும் நலம். அவ்வளவு குளிரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்று உங்கள் அண்ணன் தினமும் வானிலையைப் பார்க்கிறார். மைனஸ் என்றால் முகம் வாடிவிடுகிறது. அங்கே எப்போதும் மைனஸ்தான் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என் பெண் வெள்ளிக்கிழமை வந்தாள். ஆயுத பூஜை. உங்கள் அண்ணன் விடிந்ததிலிருந்து கொட்டகையைக் கழுவி, மாட்டுக் கொம்புக்குச் சந்தனம் வைத்து, சுண்டல் தாளித்து, சட்டையை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். சிங்காரம் சொன்னான்.

மோகனப்ரியாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல பெண்தான், பொறுமை கிடையாது. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். பஸ் கண்டக்டரிடமும் அப்படித்தான், அவள் கல்லூரி முதல்வரிடமும் அப்படித்தான். அதனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். தோப்புக்குள் வந்ததும், "நீ போய் மாட்ட பாரும்மா. நான் அவருகிட்ட தனியா பேசணும்" என்றாள்.

நான் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமரத்தடியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவள் ஏதோ ஒன்று கேட்டாள். ஒன்றே ஒன்றுதான். அவர் வாயைத் திறந்தார். நின்றுவிட்டது. மறுபடி திறந்தார். மறுபடி நின்றது. கழுத்து நரம்பு புடைப்பது இங்கிருந்தே தெரிந்தது. இப்போது இவள் தன் பாட்டுக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள், இவர் வெட்கத்தில் அதற்கே தலையாட்டிவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ரோட்டில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, திரும்பிப் பார்க்கவில்லை. என் பெண் ஒரு ஆள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லி முடித்தார். ரொம்ப நேரம் சொன்னார். இவள் எழுந்து வந்து தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தை மாசமே வெச்சிக்கலாம்மா. அத்தை வந்துடட்டும்" என்றாள்.

அத்தை என்றது உங்களைத்தான். நீங்கள் வந்த பிறகே நாள் குறிக்கிறோம். உங்கள் வேலையை நன்றாக முடித்துக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் கேட்காமல் இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே சில பேர், "போயும் போயும் பேச்சு வராத ஆளாம்மா?" என்று என்னிடம் கேட்டார்கள். வாயே இல்லாத ஜீவனுக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இத்தனை வருஷமாக என் உத்தியோகம். அரை நிமிஷம் தாமதமாகச் சொல்கிற மனுஷனைப் புரிந்துகொள்வது எனக்கு ஒரு கஷ்டமா?

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இன்னாடீ கேட்ட அவருகிட்ட?" என்றேன்.

"எங்கம்மாவ எதுக்கு கட்டிக்கணும்னு கேட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"அத சொல்ல மாட்டேன்."

மூன்று நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மிரட்டினேன், பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றேன், அசையவில்லை. சரி, இவரையே கேட்போம் என்று நேற்றுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "சொ... சொ... சொல்ல மாட்டேன்" என்று சொல்லவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

உங்களுக்காவது எழுதுவார் என்று நினைக்கிறேன். எழுதினால் எனக்குச் சொல்லிவிடாதீர்கள். என்னைப் பற்றி ஏதோ நல்லதாக ஒன்றை இரண்டு பேர் எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைத்தபடியே இன்றைக்கு ஏழெட்டு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாடுகூட உதைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு வேளை தவற விடாதீர்கள். உங்களை வாசலில் வந்து பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கும்,

தேவகி